மறுஉருவாக்க இயலவில்லை

லாரியில் முதலில் ஏறியது நுண்ணோக்கி.
மூன்று போர்வை சுற்றி
சவரிராயன்தான் தூக்கிக் கொடுத்தார்.
அப்புறம் பெரிய உலை, இழுவிசை இயந்திரம்,
ஏழாண்டு நோட்டுகள் பதினான்கு பெட்டி.
காரைக்குடியிலிருந்து தூத்துக்குடி,
தூத்துக்குடியிலிருந்து ராட்டர்டாம்.
எங்களுக்கு அல்வாவும் ஒரு விளக்கக் கூட்டமும்.
திறமை குவியும் இடத்துக்குப் போகிறோம் என்றது திரை.
திரைக்குப் பின்னால்
நுண்ணோக்கி நின்ற சுவர் மட்டும் வெள்ளையாக இருந்தது.

தொழிற்சாலை இங்கேதான்.
பம்புகளை இங்கேதான் வார்க்கிறோம்.
என்னையும் விட்டுவைத்தார்கள்:
உமையாள், கள ஆதரவு.
முன்பு அட்டையில் ஆய்வாளர் என்றிருந்தது.

எஸ்-ஏழு சீல் எப்படிப் பிறந்தது என்பது
காப்புரிமைத் தாளில் இருக்காது.
ஒரு மதியம்
நான் எலுமிச்சைச் சோற்றில் கைவைத்திருந்தபோது
சவரிராயன் பட்டறையிலிருந்து முப்பது எட்டு நடந்து
செய்தித்தாளில் பொதிந்த பிய்ந்த சீலைக் கொண்டுவந்தார்.
"மோந்து பாருங்க மேடம்."
புளித்த நெல்.
புதுவயல் ஆலைகளின் ஊறல் தொட்டி.
கரண்டு போன இரவில்
தண்ணீர் பதினெட்டு மணி நேரம் கிடந்து
பாதி கஞ்சி, பாதி அமிலம்.
உப்புத் தண்ணீருக்குச் செய்த ரப்பர்
அதில் அப்பளமாய் உப்பிவிடும்.
அந்த முப்பது எட்டுதான்
எங்கள் ஆராய்ச்சித் துறை.

இப்போது எட்டாயிரம் கிலோமீட்டர்.
கோடையில் மூன்றரை மணி நேரம், குளிரில் நாலரை.
சீல் மறுபடி போகிறது, புது மாதிரியாக.
படிவம் நிரப்புகிறேன்:
வெப்பநிலை, அழுத்தம், ஓடிய மணி.
வாசனைக்குக் கட்டம் இல்லை.
தொட்டித் தண்ணீரைப் பாட்டிலில் அடைத்து அனுப்பினேன்.
சுங்கத்தில் ஆறு நாள் உட்கார்ந்து
பதினோராம் நாள் டெல்ஃப்ட் சேர்ந்தபோது
அது வேறு எதுவோ ஆகியிருந்தது.
பதில் மரியாதையாக வந்தது:
பழுதை மறுஉருவாக்க இயலவில்லை.
கோரிக்கை முடிக்கப்பட்டது.

பொய் சொல்லக் கூடாது, அவர்கள் கெட்டிக்காரர்கள்.
ஆறு வருடம் என் கண்ணில் படாத மயிரிழை விரிசலை
மரைக்கே என்றொருத்தி
ஒரே வாரத்தில் படம் பிடித்தாள்.
காப்புரிமைகள் இரட்டிப்பு;
ஆண்டறிக்கையில் பச்சை அம்பு மேலே போகிறது.
வீடியோவில் நாங்கள் சிரித்துக்கொள்வோம்.
அவளிடம் ஊறல் தொட்டி இல்லை,
என்னிடம் நுண்ணோக்கி இல்லை.
இருவரையும் சேர்த்தால் ஓர் ஆய்வாளர் தேறும்.

இந்த ஊருக்குக் கடல் தாண்டுவது புதிதல்ல.
பர்மாவுக்குப் போன பணம்
குட்டி போட்டுத் தேக்காகத் திரும்பியது.
கேள்வி அப்படியில்லை.
கேள்வியைக் கப்பலேற்றினால்
விடை வரும், விலைப்பட்டியலோடு.
அடுத்த கேள்வி வராது.

ஞாயிற்றுக்கிழமை புதுவயல் போனேன்,
கம்பெனிச் சட்டை போடாமல்.
ஆலை ஃபிட்டர் செகுட்டையன்
டிராக்டர் டியூபை வட்டமாக வெட்டி
விளக்கெண்ணெயில் மூன்று நாள் ஊறவைத்து
அவரே ஒரு சீல் போட்டிருந்தார்.
எங்களுடையது இருபத்திரண்டு நாள் தாங்கியது.
இது நாற்பத்தொன்று. இன்னும் ஓடுகிறது.
"ஏன் விளக்கெண்ணெய்?"
"அதான் வீட்ல இருந்துச்சு."

ஒரு துண்டு வாங்கிக் கைப்பையில் போட்டுக்கொண்டேன்.
இரவில் படிவம் திறந்தேன்.
பொருள் குறியீடு கேட்டது.
மூடிவிட்டு சவரிராயனைக் கூப்பிட்டேன்.
"அந்தப் பழைய ஓவன், சின்னது,
அதை லாரியில ஏத்தலைல்ல?"
"இல்ல மேடம். ஸ்கிராப்னு எழுதினாங்க."
"வித்துட்டாங்களா?"
கொஞ்ச நேரம் மின்விசிறிச் சத்தம் மட்டும்.
"எங்க வீட்லதான் இருக்கு."